இயற்பியல் படிக்கப் போகிறவளுக்கு ஹோமர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இயற்பியல் படிப்பது அவள் விருப்பம். பாடத்திட்டத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். ஹோமர், பிளேட்டோ, மார்க்ஸ், வெபர், பிறகு ஓவியமோ இசையோ, அதன்மேல் ஒரு நாகரிக வரலாறு. படிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கட்டாயப் பாடங்களாகவே போய்விடுகிறது. இவற்றை நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாமே? ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டும் என்கிறார்கள். அங்கே பிள்ளைகள் சிரிப்பதே இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் அம்மாவுக்கு வேறு கவலை. அனுப்பலாமா? அனுப்பினால் நாகரிகப் பாடத்தில் எதை எடுக்கச் சொல்வது?

ஒரு வாசகர், மதுரை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஹோமர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்தான். எத்தனை பேர் படிக்கிறோம்? அந்த வகுப்பில் இருபது பேருக்கும் குறைவானவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். விரிவுரை கிடையாது. எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கும் பக்கங்களிலிருந்து ஆசிரியர் ஒரு வரியைக் காட்டி, இவர் இங்கே என்ன சொல்கிறார் என்று கேட்பார். ஒருத்தி பதில் சொல்வாள், எதிரே இருப்பவன் மறுப்பான். எந்த வரியை வைத்து மறுக்கிறாய் என்று அவனிடம் கேட்பார். எனக்கு அப்படித் தோன்றியது என்ற பதில் செல்லாது. பருவம் பத்து வாரத்துக்குள் முடிந்துவிடும், மூன்றாவது வாரமே இடைத்தேர்வுகள் வரத் தொடங்கும். கேள்விக்குப் பதிலை மனப்பாடமாக எழுதி முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு அந்த மேசை முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும்.

அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1890-இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1929-இல் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவரானார். வயது 30. பழைய பெருநூல்களை விவாதித்துப் படிப்பதே இளங்கலைக் கல்வி என்று நம்பிய பிடிவாதக்காரர். 1939-இல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியையே கலைத்தார். அந்த ஆட்டத்தில் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்ட 1935-இல் அதை வாங்கியவர் அந்த அணியின் வீரர். அப்படிப்பட்ட அணியைக் கலைப்பது அந்த நாட்டில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அங்கே கல்லூரி ஆட்டம் நடக்கும் ஒரு சனிக்கிழமை மாலையைக் கழித்தவர்களுக்குப் புரியும். ஆட்டமில்லாமல் கிடந்த அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு, தன்னைத் தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. பிளேட்டோ படிக்க வைத்ததால் அங்கே இயற்பியல் தேய்ந்துவிடவில்லை.

வானியற்பியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1937-இல் சிகாகோவில் சேர்ந்து 1995-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1975-இல் அங்கே ரையர்சன் சொற்பொழிவாற்ற அழைத்தபோது, ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரின் படைப்பாற்றலைப் பற்றிப் பேசினார். எட்டு ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு வந்தது. நீங்கள் குறிப்பிடும் பாடத்திட்டத்தில் அவர் படிக்கவில்லை என்பது சரி. ஆனால் அப்படி ஒருவர் இயல்பாக இருக்க முடிந்த இடம் அது.

சிரிப்பைப் பற்றி அம்மாவுக்குக் கவலை வேண்டாம். மகிழ்ச்சி சாவதற்காக வந்துசேரும் இடம் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வது அங்குள்ள மாணவர்களேதான். மே மாதத்தில் நாலு நாள், கோமாளித்தனமான பொருட்களின் நீண்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அணி அணியாகத் தேடி அலைவார்கள். கிடைக்காததைச் செய்துகொண்டு வருவார்கள். 1999-இல் பட்டியலில் அணு உலை ஒன்று இருந்தது. சின்ன அளவில் அதையும் இரண்டு மாணவர்கள் செய்துவிட்டார்கள்!

பணத்தில் நான் உங்கள் பக்கம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்துவிட்டு, தேவையான உதவியையும் தருகின்றன. சிகாகோ வெளிநாட்டவருக்கு அப்படிச் செய்வதில்லை. உதவித்தொகை எவ்வளவு தருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது பெரிய தொகையாக இல்லாவிட்டால் வீட்டை அடகு வைத்து அனுப்பாதீர்கள். ஹோமருக்கு அந்த விலை அதிகம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் சுமையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் 2025-இல் கலை, இலக்கியத் துறைகள் பலவற்றில் புதிய முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கட்டாயப் பாட வகுப்புகள் பலவற்றை நடத்துவதில் ஆய்வு மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. நாலு ஆண்டுகளில் அந்த மேசையின் தலைமாட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

நாகரிகப் பாடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். தெற்காசியாவுக்கு அங்கே 1950-களிலிருந்தே பாடம் உண்டு. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் முப்பது ஆண்டுகள் கற்பித்த வளாகம் அது. நம்முடையதுதானே, சுலபமாக மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று எண்ணி மட்டும் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.