புரட்டாசிச் சாலையில் காரும் கேமராவும்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்ணாச்சி, காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் காரில் அழைத்துக்கொண்டு பறவை, விலங்கு பார்க்க ஒரு நாள் கிளம்பலாம் என்றிருக்கிறோம். குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது, அடைமழையும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
— பாளையங்கோட்டை வாசகர்

நீங்கள் இடைவெளி என்று சொல்லும் இந்த நாலைந்து வாரங்களைத்தான் நான் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பேன். ஆடியிலும் ஆவணியிலும் வீசிய காற்று தணிந்து, புழுதி அடங்கி, பொதிகையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் காலை வெயிலில் தனித்தனியே தெரியும் காலம் இது. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் இந்தத் தெளிவு கிடைக்காது.

காட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் மெதுவாகப் போனாலே போதும். தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவ நெல் அறுவடையாகி, அடுத்த பருவமான பிசானத்துக்கு வயலை உழத் தொடங்கும் நேரம் என்பதால், டிராக்டரின் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடந்துவரும். நடு ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிகள் மாலையில் அடையும் மரங்களுக்கு மேலே திரளாகச் சுழல்வதையும் இந்த மாதங்களில் பார்க்கலாம். பிள்ளைகளை அவசியம் திருப்புடைமருதூருக்கு அழைத்துப் போங்கள். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் அந்த ஊரில், வெறும் 2.84 ஹெக்டேர் பரப்பு 2005-இல் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அந்த வகையில் அதுதான் முதலாவது. நாரைகள் கூடு கட்டும் பருவம் இதுவல்ல என்றாலும், மருத மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் இருட்டும் நேரத்தில் ஆற்றின் மேல் பறக்கத் தொடங்கும் காட்சியை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். ஆகஸ்ட் கடைசியில்தான் சூரியன் நமது ஊரின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது; செப்டம்பரிலும் நண்பகல் வெயில் ஏறத்தாழ அப்படியேதான் விழும். அந்த ஒளியில் பறவையின் கண் நிழலுக்குள் போய்விடும். காலை 6 மணி முதல் 8 மணி வரையிலும், மாலை 4.30-க்குப் பிறகும் படம் எடுங்கள்; நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் ஆற்றுக் குளியலுக்கும் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பியிருக்கும் வைக்கோல் மீது காரை ஏற்றாதீர்கள். அது அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். காயும் நெல்லின் மீது ஏற்றுவது விவசாயியின் பல மாத உழைப்பை மிதிப்பதாகும்.

மாஞ்சோலைக்கும் முண்டந்துறைக்கும் சொந்தக் காரில் போய்ப் புலியைப் படம் எடுக்க முடியுமா?
— தென்காசி வாசகர்

புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1962-இல் அமைந்த முண்டந்துறைச் சரணாலயத்தையும், சிங்கவால் குரங்குக்காக 1976-இல் அமைந்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து, 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. அடர்ந்த மழைக்காடும் செங்குத்தான சரிவுகளும் கொண்ட அந்த மலையில் புலி சாலையோரம் வந்து நிற்பது மிக அரிது. வாகன அனுமதியும் நேரமும் காலத்துக்குக் காலம் மாறுவதால், புறப்படும் முன் அம்பாசமுத்திரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் சொன்ன நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் சாலையிலேயே கருமந்தியும் மலை அணிலும் மிளா என்னும் கடமானும் கண்ணில் படும். அங்கு நாட்டுக் குரங்குகள் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கை நீட்டுவது, நம்மைப் போன்ற பயணிகள் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதன் விளைவு. தீனிக்காகச் சாலையில் உட்காரும் குரங்குதான் பின்னால் வரும் வாகனத்தில் அடிபடுகிறது. ஆகவே நல்ல படம் கிடைக்கும் என்றாலும் தின்பண்டத்தை நீட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

யானை சாலையை மறித்து நின்றால்?
— விக்கிரமசிங்கபுரம் வாசகர்

நன்றாகத் தள்ளி நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல் காத்திருங்கள். அது உங்களை நோக்கி வந்தால் நிதானமாகப் பின்னோக்கி நகருங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. காரை விட்டு இறங்கக் கூடாது.

வயலில் கொக்குகளைப் படம் எடுத்தால் இறகே தெரியாமல் வெள்ளைத் திட்டாக வருகிறது. கேமராவில் கோளாறா?
— முக்கூடல் வாசகி

கோளாறு இல்லை, அம்மா. கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். உழுத சேற்றின் கருமை சட்டகம் முழுவதும் நிறைந்து, அதன் நடுவே கொக்கு சிறிதாக நிற்கும்போது, ஒளியளவி சேற்றைக் கணக்கில் கொண்டு படத்தை வெளிச்சமாக்குகிறது. அந்த மிகை வெளிச்சத்தில் கொக்கின் வெண்மை வெந்துபோகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 அளவுக்குக் குறைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு திரையில், படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் மோதியது போல் நின்றால் இன்னும் குறையுங்கள். வெளிறிய வானத்தின் முன்னால் கொக்கு பறக்கும்போது கணக்கு தலைகீழாகும். அப்போது பிளஸ் பக்கம் போக வேண்டும். பறப்பதை உறைய வைக்க 1/1600 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் தேவை.

சேறு கருப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், புழுவைக் கவ்வித் தலை நிமிர்த்தும் கொக்கின் கழுத்தில், இனப்பெருக்கக் கால மஞ்சள் மறைந்து வெண்மை திரும்பும் இடம் கூடப் படத்தில் பதியும்.

மழை பெய்த மறுநாள் கரிசல் வண்டிப்பாதையில் போய், கார் அசையாமல் நின்றுவிட்டது. இதற்குத் தனி டயர் வாங்க வேண்டுமா?
— சங்கரன்கோவில் வாசகர்

டயர் காப்பாற்றாது. கரிசல் மண்ணின் களி, நீரைக் குடித்து உப்பும் இயல்புடையது. மேலே காய்ந்தது போல் வெடிப்பு தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். டயரின் பள்ளங்களில் அது அப்பிக்கொண்டால் எவ்வளவு நல்ல டயரும் வழுவழுப்பான உருளையாகிவிடும். மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளவும் செய்யும். சிக்கியபின் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைத் தோண்டி, பனையோலையோ சாக்கோ போட்டு, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் டிராக்டருக்குச் சொல்லி அனுப்புவதே மேல். மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கும் வரை கரிசல் பாதையைத் தவிருங்கள்.

திசையன்விளை பக்கத்துத் தேரியில் நிலைமை வேறு. அந்தச் செம்மணலில் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள்; தார்ச்சாலையிலேயே நின்று படம் எடுங்கள் என்று நான் சொல்வேன். அங்கு லென்ஸைக் கழற்றி மாட்டவே வேண்டாம். மாவு போன்ற மணல் சென்சாரில் இறங்கிவிடும்.

கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன. எவ்வளவு நெருங்கலாம்?
— களக்காடு வாசகர்

காரை விட்டு இறங்காதவரை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே நெருங்கலாம். பறவைகள் அஞ்சுவது நிமிர்ந்து நடக்கும் மனித உருவத்துக்குத்தான். நின்றுகொண்டிருக்கும் காரை அவை கொஞ்ச நேரத்தில் மாட்டைப் போல ஏற்றுக்கொள்ளும். என்ஜினை அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வு படத்தைக் கலைக்கும். ஒரு துணிப்பையில் பாதியளவு நெல்லை நிரப்பிக் கண்ணாடி இறக்கிய கதவின் மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் எந்த ஸ்டாண்டும் தேவைப்படாது.

முழுதாய்க் கட்டிய கூட்டைவிடப் பாதிக் கூட்டைத் தேடுங்கள். தலைக்கவசம் போல் தொங்கும் அந்த நிலையில்தான் ஆண் குருவி வேலையை நிறுத்திவிட்டு, கூட்டின் அடியில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். அது உள்ளே நுழைந்து நாரை இழுத்துச் சோதித்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே, ஆண் குழல் வாசலைக் கட்டி முடிக்கும்; ஏற்காவிட்டால் கூடு அப்படியே கைவிடப்படும். நீங்கள் அருகில் வந்ததால் குருவிகள் கூட்டுக்குத் திரும்பாமல் கத்திக்கொண்டே இருந்தால், அன்றைக்குப் படம் வேண்டாம், வண்டியை எடுத்துவிடுங்கள்.

அக்டோபரில் பறவை பார்க்கக் கூந்தன்குளம் வரலாமா?
— சென்னை வாசகர்

அவ்வளவு தொலைவிலிருந்து வருவதானால் தை பிறந்த பிறகு வாருங்கள். மழை நீர் குளத்தில் சேர்ந்தபின் வரும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டி மே மாதம் வரை தங்கும். 1994-இல் சரணாலயமாகவும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்துவருபவர்கள் அவ்வூர் மக்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே தவிர்ப்பவர்கள். அவர்கள் முற்றத்தில் நின்று படம் எடுக்கும்போது முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கிய பின் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் ஏதோ படர்ந்திருக்கிறது.
— வள்ளியூர் வாசகர்

அது பூஞ்சை. மூடுபனியில் நனைந்த லென்ஸை அப்படியே பையில் வைத்து மூடியதால் நானும் ஒரு நல்ல லென்ஸை இழந்திருக்கிறேன். வீடு திரும்பியதும் துடைத்து, காற்றோட்டத்தில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். காரில் ஏ.சி.யின் குளிரிலிருந்து வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் படியும் ஆவி வேறு சங்கதி. இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் அது படியாது.

என்னிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. நான் எதைப் படம் எடுப்பது?
— எட்டாம் வகுப்பு மாணவி, சேரன்மகாதேவி

உனக்குத்தான் இந்த மாதம் மிகவும் ஏற்றது, மகளே. வேலியோரம் செங்காந்தள் பூத்திருக்கும். மொட்டு விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் இதழ்கள், நாள் செல்லச் செல்ல மேல்நோக்கி வளைந்து நெருப்புச் சிவப்பாக மாறும். ஒரே பூவைத் தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று, கைப்பேசியை இதழின் உயரத்துக்குத் தாழ்த்தி ஒரு வாரம் படம் எடு. இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றியிருப்பதையும் சேர்த்து எடு. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. செடியைத் தொட்டிருந்தால் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.