அம்மாவின் மருந்துப் பட்டியலும் அண்ணனின் கட்டளையும்

கேள்வி: என் தாயாருக்கு வயது 78. அவருடைய மருந்துகளையும் வேளைகளையும் ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். நானும் தங்கையும் ஆளுக்கொரு பிரதியில் திருத்துகிறோம். வாரக் கடைசியில், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ‘கிட்’ என்ற கணினி மென்பொருளின் ‘கிட் மெர்ஜ்-ஃபைல்’ (git merge-file) கட்டளையால் இரண்டையும் இணைத்து அவளுக்கு அனுப்புவது என் வேலை. ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றி மோதல் வந்தால் நேரம் போகிறது என்பதால், அங்கெல்லாம் என் வரியையே நிறுத்தும் ‘--அவர்ஸ்’ (--ours) விருப்பத்தைச் சேர்த்துவிடுவேன். அம்மா தங்கை வீட்டில்தான் இருக்கிறார். மருத்துவர் சொன்னபடி தங்கை பாதியாகக் குறைத்து எழுதிய ஒரு மாத்திரையின் அளவு, நான் அனுப்பிய கோப்பில் பழையபடியே இருந்திருக்கிறது. அந்த வரியில் நான் ஓர் எழுத்துப் பிழையைத்தான் திருத்தியிருந்தேன். இரண்டு நாள்களாக அவள் என்னோடு பேசவில்லை. மோதலே வராமல் இணைக்க வேறு விருப்பம் உண்டா?

பதில்: கட்டளை பழுதின்றி வேலை செய்திருக்கிறது. நீங்கள் கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறது.

நேரம் போகிறது என்ற குறைக்கும் எழுத்துப் பிழைக்கும் நடுவே, போகிற போக்கில், “அம்மா தங்கை வீட்டில்தான் இருக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் அந்த வாக்கியத்தில் தொடங்கியிருக்க வேண்டும். வேளை தவறாமல் மாத்திரையைப் பிரித்து அம்மாவின் கையில் வைப்பவர் உங்கள் தங்கை. அவர் எழுதுவது, அன்றைக்குத் தாம் செய்த காரியத்தின் பதிவு; நீங்கள் எழுதுவது, தொலைவிலிருந்து அந்தப் பதிவைச் சீர்செய்யும் வேலை. இவ்விரண்டும் மோதும்போதெல்லாம் உங்களுடையதே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறீர்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் வழியென்று இதற்கு நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று நான் சொல்வேன்.

நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டளை மூன்று கோப்புகளைக் கேட்கிறது: முதலில் உங்கள் பிரதி, நடுவில் நீங்கள் இருவரும் திருத்தத் தொடங்கும் முன்பிருந்த பொது மூலம், கடைசியில் தங்கையின் பிரதி. மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருவர் மட்டும் மாற்றிய வரியை அது ஏற்றுக்கொள்கிறது; ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டு வடிவங்களையும் ஏழு ‘<’ குறிகளுக்கும் ஏழு ‘>’ குறிகளுக்கும் நடுவில் வைத்து, இடையே ஏழு ‘=’ குறிகளால் பிரித்துக் காட்டிவிட்டு முடிவை மனிதரிடம் விட்டுவிடுகிறது. அதற்குத் தெரிந்த அலகு வரிதான். வரிக்குள் ஓர் எழுத்து திருந்தியதா, ஒரு மருந்து பாதியானதா என்று பிரித்தறிய அதனால் இயலாது. ஆகவே உங்கள் எழுத்துப் பிழைத் திருத்தமும் உங்கள் தங்கையின் அளவுக் குறைப்பும் அதன் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தன. எத்தனை மோதல்கள் என்ற எண்ணைக்கூட அந்தக் கட்டளை முடியும்போது திருப்பித் தருகிறது. ‘அவர்ஸ்’ சேர்த்து, அந்த எண்ணையும் பூஜ்யமாக்கிக்கொண்டீர்கள்.

‘அவர்ஸ்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லை இந்த இடத்தில் தமிழில் பெயர்த்துப் பாருங்கள். ‘எங்களுடையது’ என்றுதான் வரும், ‘நம்முடையது’ என்று வராது. எதிரில் நிற்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் சொல் அது. தாயின் மருந்துப் பட்டியலில் உடன்பிறந்தவளை அப்படி நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

மோதலே வராத விருப்பம் கேட்டீர்கள். ‘--யூனியன்’ என்று ஒன்று இருக்கிறது. மோதும் இரண்டு வடிவங்களையும் அது கோப்பில் வைத்துவிடும். அப்போது ஒரே மாத்திரை இரண்டு அளவுகளோடு இரண்டு வரிகளில் நிற்கும், தூக்கக் கலக்கத்தில் படிப்பவர் இரண்டையும் கொடுத்துவிடக்கூடும். இந்தக் கோப்புக்கு அதைத் தொடாதீர்கள்.

மோதல் வராத இடத்திலும் ஆபத்து உண்டு என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் விற்கப்படுவது வழக்கம். நீங்கள் ஒரு பெயரை மேலே சேர்த்து, தங்கை மற்றொரு பெயரைக் கீழே சேர்த்திருந்தால், இரண்டு வரிகளும் ஒரு சலசலப்பும் இன்றிக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். இணைந்த கோப்பை மருத்துவர் எழுதிய சீட்டோடு வைத்து முழுவதும் படிப்பதைத் தவிர இதற்கு மாற்று கிடையாது. மோதல் என்பது உங்கள் இருவரையும் பேசச் சொல்லும் அழைப்பு. அந்த அழைப்பைத் துண்டித்தவர் நீங்கள். இப்போது அவர் பேசவில்லை என்று என்னிடம் முறையிடுகிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். அவற்றைத் தனித்தனியே சிதறவிட்டால், ஒரே மருந்தில் நீங்கள் இருவரும் செய்த மாற்றங்கள் சத்தமின்றிக் கலந்துவிடக்கூடும். ஒரே வரியில் இருந்தால் கட்டளை உங்களை நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும். ‘--டிஃப்3’ விருப்பத்தைச் சேர்த்தால், மோதும் இடத்தில் பழைய மூலத்தின் வரியும் நடுவில் தெரியும்; யார் எதை மாற்றினார் என்பது அப்போது விளங்கும். ‘-பி’ சேர்த்தால் முடிவு திரையில் மட்டும் வரும், கோப்பு மாறாது. சென்ற வாரங்களின் மூன்று பிரதிகளும் இன்னும் உங்களிடம் இருந்தால், ‘அவர்ஸ்’ இல்லாமல், இந்த இரண்டு விருப்பங்களோடும் ஒவ்வொரு வாரத்தையும் மறுபடி இணைத்துப் பாருங்கள். தங்கையின் எத்தனை வரிகளை அழித்தீர்கள் என்பது கண்ணெதிரே வந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்பாக, இதைப் படித்து முடித்தவுடன், தங்கையைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் நியாயத்தைச் சொல்லாதீர்கள். அம்மா இன்று எந்த மாத்திரையை எந்த அளவில் எடுத்துக்கொண்டார் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பழைய கோப்பைப் பார்த்து முழு அளவு கொடுக்கப்பட்ட நாள் ஏதேனும் உண்டென்றால், மருத்துவரிடம் அதை இன்றே நீங்களே சொல்லுங்கள். அந்தச் சுமையையும் தங்கையின் தலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்த வாரத்திலிருந்து கோப்பை இணைப்பவர் அவராக இருக்கட்டும். அவருடைய பிரதி முதலில் வரட்டும், உங்களுடையது கடைசியில் வரட்டும். மோதும் வரிகளை அவர் உங்களுக்குப் படித்துக் காட்டும்வரை தொலைபேசியை வைக்காமல் காத்திருங்கள்.