கார் செல்ஃப் எடுக்கலையா? முதல்ல சத்தத்தைச் சொல்லுங்க

கேள்வி: அண்ணா, சாவியைத் திருப்பினா டிக்டிக்டிக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரியை மாத்தச் சொல்றாங்க. மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. படபடன்னு டிக்டிக் வந்தா செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினலும் கெட்டிருக்கலாம். பானட்டைத் திறந்து பாருங்க. டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கா? கையால அசைச்சா கிளாம்ப் ஆடுதா? மைனஸை முதல்ல கழட்டுங்க, அப்புறம் பிளஸ். வெந்நீர் ஊத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி.

அடுத்து மல்டிமீட்டர் வெச்சு பேட்டரி வோல்ட்டைப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில 12.6 வோல்ட் காட்டினா ஃபுல் சார்ஜ். 12-க்குக் கீழ போனா காலி, சார்ஜ் போடுங்க. ஃபுல் சார்ஜ்லயும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ விழுந்தா, அந்த பேட்டரி தேறாது, தாராளமா மாத்துங்க. வண்டி ஓடும்போது சாதாரணமா 14 பக்கம் நிக்கணும். 12-லயே நின்னா ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிறது) சார்ஜ் பண்ணல. புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிடும். மீட்டரே வைக்காம பேட்டரி விக்கிற கடைக்கு நான் போகமாட்டேன்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு 'டக்'. ஹெட்லைட் பளிச்னு எரியுது சார்.

பதில்: அப்ப செல்ஃப் மோட்டார், சொலினாய்டு (அந்த மோட்டாருக்குக் கரண்டை விடுற சுவிட்ச்) பக்கம் பாருங்க. எஞ்சினுக்கு வர்ற எர்த் வயரையும் விட்டுடாதீங்க, பழைய வண்டியில அது துருப்பிடிச்சுக் கிடக்கும்.

கேள்வி: செல்ஃப் நல்லாச் சுத்துது, வண்டி மட்டும் பிடிக்கல. பெட்ரோல் இருக்கு.

பதில்: சாவியை ஆன்ல வெச்சுட்டுப் பின்சீட் பக்கம் காது கொடுங்க. ரெண்டு செகண்ட் 'ம்ம்ம்'னு டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பம்ப் ஓடணும். சத்தமே இல்லைன்னா ஃப்யூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டை விடுற சின்ன சுவிட்ச்) பாருங்க. ஹார்ன் ரிலேயும் அதே நம்பரா இருந்தா மாத்திப் போட்டா தெரிஞ்சிடும். டாஷ்போர்டு மீட்டர்ல சாவி படம் மின்னுதுன்னா வண்டி சாவியை அடையாளம் கண்டுக்கல, ஸ்பேர் சாவி போட்டுப் பாருங்க.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: ஆகாது. கியர் 'பி'-ல (பார்க்) எடுக்கலைன்னா, பிரேக்கை மிதிச்சு 'என்'-ல (நியூட்ரல்) வெச்சு ஒருதடவை பாருங்க.

கேள்வி: வேளச்சேரி. பார்க்கிங்ல பானட் வரைக்கும் மழைத்தண்ணி நின்னு வடிஞ்சிடுச்சு. ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்க்கட்டுமாண்ணா?

பதில்: சாவியையே போடாதீங்க! காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்கணும். எஞ்சின் ப்ரொடெக்ட்னு தனியா சேர்க்கிற கவர் எடுக்காத பாலிசியில அந்தச் செலவு பெரும்பாலும் உங்க தலையிலதான். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, நின்ன நிலையில போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்கு அனுப்பிட்டு, டோ வண்டிக்குச் சொல்லுங்க.