சம்பளமில்லாத பண்ணை வேலைக்கு டூரிஸ்ட்டாகப் போகலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 23 வயது, வேளாண்மை டிப்ளமோ முடித்திருக்கிறான். தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பண்ணையில் இரண்டு மாதம் வாலண்டியராக இருக்கப் போகிறானாம். சம்பளம் கிடையாது. தினம் 5 மணி நேர வேலைக்குச் சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள். ஏஜென்ட் 85,000 ரூபாய் கேட்கிறார். "இமிகிரேஷனில் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், பாங்காக்கில் இறங்கியதும் கார் வந்து கூட்டிக்கொண்டு போகும்" என்கிறார். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று வேறு இருக்கிறது. தைரியமாக அனுப்பலாமா?

பதில்: இந்த ஏஜென்ட் சொல்கிற வழியில் அனுப்பாதீர்கள் அம்மா. பண்ணைக்கே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் ஆசைப்படுவது நல்ல விஷயம்தான். வழிதான் கோணல்.

கூலி வாங்கினால்தானே வேலை என்று நாம் நினைப்போம். தாய்லாந்தில் அந்தக் கணக்கு செல்லாது. கூலி இல்லாமல் களை எடுத்தாலும் வெளிநாட்டவருக்கு அது வேலைதான், அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை அபராதம், அப்புறம் ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். இந்தியர்களுக்குத் தாய்லாந்து தரும் விசா சலுகை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கானது. எத்தனை நாள் என்பதை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; டிக்கெட் எடுக்கிற வாரம் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறையான வழி இதுதான். பதிவு பெற்ற அறக்கட்டளையோ தொண்டு நிறுவனமோ கடிதம் கொடுத்தால், தாய்லாந்துத் தூதரகத்தில் 'நான்-இமிகிரன்ட் ஓ' (Non-Immigrant O) என்ற விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே போனபின் வேலை அனுமதியும் எடுக்கவேண்டும். பல பண்ணைகள் இந்த வேலைக்கே வராது, "எல்லாரும் சும்மாதான் வருகிறார்கள்" என்பார்கள். அப்படிச் சொல்கிற பண்ணையை விட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கார். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். சியாங் மாயில் சொந்தமாக விமான நிலையம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சம்பளமே இல்லாத ஒரு வாலண்டியருக்காக யாராவது அத்தனை தூரம் கார் அனுப்புவார்களா? அதே பாங்காக்கிலிருந்து மேற்கே மே சாட் என்ற எல்லை ஊருக்கும் கார் போகும். அங்கே மோய் ஆறு ஓடுகிறது. அக்கரை மியான்மரின் மியாவடி. வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்துக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்ய உட்கார வைத்த இடம் அதுதான். 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் மே சாட்டுக்கே போய் நூற்றுக்கணக்கான இந்தியர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் சியாங் மாய் வரை டிக்கெட் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

85,000 எதற்கு என்றும் கேளுங்கள். சம்பள வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா இல்லையா என்பதை இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் யாரும் பார்க்கலாம். சாப்பாட்டுக்குப் பண்ணை வேலை என்ற இந்த ஏற்பாடு 1971-ல் இங்கிலாந்தில் வூஃப் என்ற பெயரில் தொடங்கியது. சிறு சந்தா கட்டி உறுப்பினராகி, பண்ணைக்காரருக்கு நேரே எழுதிக் கேட்பதுதான் அதன் முறை. நடுவில் தரகருக்கு இடமே கிடையாது. அவர்கள் வழியாகப் போனாலும் விசா நம் பொறுப்புதான்.

அடுத்தது ஈசிஆர். பத்தாவது தேறாதவர்களை வெளிநாட்டில் யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்று வைத்த முத்திரை இது. இந்த முத்திரை உள்ளவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் நம் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வளைகுடா மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தாய்லாந்தும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் மகன் டிப்ளமோ படித்தவன், அவனுக்கு இந்த முத்திரையே வந்திருக்கக்கூடாது. பாஸ்போர்ட் எடுத்தபோது பத்தாவது மார்க் ஷீட்டை விண்ணப்பத்தோடு இணைத்திருக்க மாட்டார்கள். தர்மபுரியில் இப்படி மாதம் இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள், எல்லாம் புரோக்கர் அவசரத்தில் எடுத்துக்கொடுத்தவை. மார்க் ஷீட்டோடு மறுபடி விண்ணப்பித்தால், 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், புதுப் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்காது. 'ஈசிஎன்ஆர்' (சோதனை தேவையில்லை) என்று எழுதி வரும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தாலே ஈசிஆர் இல்லை என்று பொருள். இது தெரியாமல், புதுப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு "முத்திரையே போடவில்லை" என்று சண்டைக்கு வந்தவர் ஒருவர் உண்டு.

மாற்றாமல் போனால்? பெங்களூரு விமான நிலையத்திலேயே துருவுவார்கள். முறைப்படி குடிபெயர்வு அனுமதி வாங்கலாம் என்றாலோ, வேலை ஒப்பந்தம் எங்கே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சம்பளமே இல்லாதவன் எதைக் காட்டுவான்? போலி ஒப்பந்தம் கொண்டுவருகிறவனுக்கு அந்த விண்ணப்பத்தில் நிரப்பக் கட்டம் இருக்கிறது, உண்மையைச் சொல்கிற வாலண்டியருக்கு இல்லை. இந்தக் கோளாறை யாரிடம் சொல்வது?

தாய்லாந்துக் கவுன்டரில் என்ன சொல்வது என்று கேட்டால், உண்மையைச் சொல்லவேண்டும். விசாவில் உள்ள காரணமும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கட்டும். பண்ணையின் முழு முகவரி, திரும்பும் டிக்கெட், 20,000 பாட் அளவுக்குப் பணம், மூன்றும் கையில் இருக்கவேண்டும். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பவேண்டும். அது இலவசம்; காசு கேட்கிற தளம் போலி. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளுக்கு 500 பாட்.

உடம்பு விஷயம் ஒன்றே ஒன்று. சேற்றில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம் என்று சொல்லுங்கள், எலிக்காய்ச்சல் வரும். மூச்சுத் தொந்தரவு உள்ளவன் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம். அந்தப் பக்கத்தில் காட்டையும் வயலையும் கொளுத்துகிற புகை மண்டும் காலம் அது.

முதலில் பாஸ்போர்ட்டை மாற்றுங்கள். பண்ணையிலிருந்து நேரடியாகக் கடிதம் வந்தால், பணம் கட்டுமுன் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.