ஹோல்-இன்-ஒன் கார் பரிசு: பாலிசி யார் பெயரில்?

கேள்வி: புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட எங்கள் கிளப்பில் கோல்ஃப் போட்டி நடத்துகிறோம். ஹோல்-இன்-ஒன் (ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போடுவது) அடிப்பவருக்குக் கார் பரிசு என்று அறிவித்துவிட்டோம். “காப்பீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் போட்டியை நடத்தித் தரும் ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

பதில்: பாலிசியின் நகல் கைக்கு வரும்வரை நம்பாதீர்கள். அமெச்சூர் ஒருவர் ஹோல்-இன்-ஒன் அடிக்கும் வாய்ப்பு 12,500-க்கு 1 என்பார்கள். 120 பேர் ஒரே குழியில் ஆளுக்கு ஓர் அடி அடித்தால், யாராவது காரை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. “யார் அடிக்கப்போகிறார்கள்?” என்று பிரீமியத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ளும் காப்பீட்டுத் தரகருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

ரிப்பன் கட்டி நிற்கும் அந்தக் காரைப் பெரும்பாலும் யாரும் தானமாகத் தருவதில்லை. விற்பனையாளர் அதைக் காட்சிக்கு நிறுத்துகிறார், அவ்வளவுதான். பந்து விழுந்தால் விலையைக் காப்பீடு கொடுக்க வேண்டும். பாலிசி இல்லையென்றால் வென்றவர் உங்களைத்தான் பிடிப்பார்; பணம் ஆராய்ச்சி நிதியிலிருந்துதான் போகும். அமெரிக்காவில் உரிமம் இல்லாமலே இந்தக் காப்பீட்டை விற்று, வென்றவர்களுக்குப் பணம் தராமல் ஏமாற்றிய ஆள் மீது குற்ற வழக்கே நடந்திருக்கிறது. எனவே பாலிசி போட்டிக் குழுவின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் உண்டா என்பதைத் தரகரிடம் கேட்காமல், காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பிடமே விசாரியுங்கள்.

அடுத்தது தூரம். அடிக்கும் இடத்திலிருந்து குழி குறைந்தது 150 யார்டு தள்ளி இருக்க வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருக்கும். போட்டியன்று காலையில் புல்தரைப் பணியாளர் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) அடையாளத்தை நாலு யார்டு எடுத்து முன்னால் வைப்பார், 146 ஆகிவிடும். பரிசு போயிற்று! பெண்களின் டீ இன்னும் முன்னால் இருக்கும்; அதன் தூரத்தைத் தனியாகப் பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். மூத்தவர்களுக்குத் தனி டீ வைத்தால் அதற்கும் அப்படியே. முதல் ஆட்டக்காரர் வருவதற்கு முன்பே அளந்து, படம் எடுத்து, இருவர் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அந்தக் குழியருகே நாள் முழுவதும் ஒரு சாட்சி இருக்கட்டும். நிதிக்காக நீங்கள் விற்கும் முல்லிகன் (தவறிய அடியை மறுபடி அடிக்கும் சலுகை) டிக்கெட்டில் அடித்த மறு அடிக்குக் காப்பீடு செல்லாது. இத்தனையையும் ஒரே பக்கத்தில் புரியும்படி எழுதித் தர காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏன் கை வருவதில்லையோ!

ஒப்பந்தக்காரருக்கு வசூலில் சதவீதம் பேசியிருந்தால் உடனே மாற்றுங்கள். நிதி திரட்டுவோருக்கான சர்வதேச நெறிமுறைகளே அதை ஏற்பதில்லை. வேலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, நுழைவுக் கட்டணம் அவர் கணக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரைப் பதாகையில் போட அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். பல குழுக்கள் இதைக் கேட்பதே இல்லை.

போட்டிக்கு ஒரு வாரம் முன்புவரை நகலைத் தராமல் இழுத்தடித்தால் காரை அறிவிப்பிலிருந்து நீக்கிவிட்டு, குழியில் நட்ட கொடிக்கு மிக அருகில் பந்தை நிறுத்துபவருக்கு ஒரு கோப்பை வையுங்கள்.