நரம்புக்கலங்களில் எத்தனை வகை? எது என்ன வேலை செய்கிறது?

ஓ.எல். படிக்கும் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், வகுப்பில் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

வேலையை வைத்துப் பார்த்தால் மூன்று வகை: புலன் நரம்புக்கலம், இயக்க நரம்புக்கலம், இடை நரம்புக்கலம். முதல் இரண்டையும் பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை மட்டும் "இரண்டையும் இணைக்கும்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் மனக்குறை, ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வாவியில் இறால் பிடிக்க இறங்கியவர் உடைந்த மட்டி ஓட்டில் வலது காலை வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலிலிருந்து முண்ணாணுக்கு (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு) செய்தி கொண்டுபோவது புலன் நரம்புக்கலம். அங்கிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுவருவது இயக்க நரம்புக்கலம். காலுக்குப் போகும் நரம்பிழை ஒரு மீற்றர் வரைகூட நீளும்.

சரி, நடுவில் என்ன நடக்கிறது? சில இடை நரம்புக்கலங்கள் வலது காலை மடக்கும் தசைகளைத் தூண்டும். வேறு சில அதே காலை நீட்டும் தசைகளை அடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். இன்னும் சில முண்ணாணின் மறுபக்கத்துக்குச் செய்தி அனுப்பி இடது காலை விறைப்பாக ஊன்றவைக்கும். ஆள் தண்ணீரில் விழாமல் நிற்பது அதனால்தான். மூளைக்கு வலி தெரியும் முன்பே காலைத் தூக்கியாயிற்று.

அந்த வலியும் இரண்டு தவணையாக வரும். முதலில் சுள்ளென்று குத்துவது மெல்லிய மயலின் உறை (இழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படை) உள்ள இழைகளில், செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் வருகிறது. பிறகு மெதுவாக எரிவது உறையில்லாத இழைகளில் வருவது, அதன் வேகம் 2 மீற்றரைத் தாண்டாது.

டொக்டர் முழங்காலில் தட்டும்போது கால் உதறுவது விதிவிலக்கு. அங்கே புலன் நரம்புக்கலம் இயக்க நரம்புக்கலத்தை நேரடியாகவே தூண்டுகிறது, நடுவில் இடை நரம்புக்கலம் இல்லை.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை புலனும் அல்ல, இயக்கமும் அல்ல.

மயலின் உறையைக் கை கால் நரம்புகளில் சுற்றுபவை ஷ்வான் கலங்கள். இவை நரம்புக்கலம் அல்ல, துணைக்கலம். தொழுநோய்க் கிருமி குடியேறுவது இவற்றில்தான். நம் வாவிக்குள் இருக்கும் மாந்தீவு வைத்தியசாலை அந்த நோயாளருக்கென்றே அமைந்தது. தோல் மரத்துப்போவது புலன் இழைகள் கெடுவதால், விரல் மடங்கிப்போவது இயக்க இழைகள் கெடுவதால்.

அப்புறம், தங்கச்சி தெறிவில்லின் (காலைத் தானாகத் தூக்கவைக்கும் இந்த நரம்புப் பாதையின்) படம் கீறும்போது புலன் நரம்புக்கலத்தின் கலவுடலை (கரு இருக்கும் பகுதியை) முண்ணாணுக்கு வெளியே, பக்கத்தில் கலவுடல்கள் சேர்ந்திருக்கும் திரட்டில் போடச் சொல்லுங்கள். பலர் உள்ளே கீறி மார்க்ஸை விடுகிறார்கள்.