அந்த ருசி எங்கே போனது?

கேள்வி: சின்ன வயதில் தைப்பூச விரதம் முடிந்த மறுநாள், அப்பா எங்கள் மூன்று பிள்ளைகளையும் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போய் ஒரு தட்டு நாசி கண்டார் (கறி, குழம்போடு பரிமாறும் சோறு) வாங்கித் தருவார். 30 வருடம் கழித்துப் போன மாதம் அதே கடைக்குத் தனியாகப் போனேன். 'குவா பஞ்சிர்' (சோறு மூழ்கக் குழம்பு) கேட்டு வாங்கியும் பாதியிலேயே அலுத்துவிட்டது. கடை கெட்டுவிட்டதா, என் நாக்கு கெட்டுவிட்டதா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சமையல்காரர் மாறியிருக்கலாம், அது அவர்கள் பாடு. ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: வாரக்கணக்கில் சைவம் சாப்பிட்ட வாய், அதில் விழுந்த முதல் கோழிக் குழம்பு, அதுவும் மூன்று பேருக்கு ஒரே தட்டு! ஆசை அடங்குவதற்குள் தட்டு காலியாகியிருக்கும். ஒரே ருசி திரும்பத் திரும்ப நாக்கில் பட்டால் சுகம் வாய்க்கு வாய் குறைந்துகொண்டே போகும், உங்களுக்கு அன்றைக்கு அந்த இறக்கம் வரவே இல்லை. ஆய்வாளர் எமிலி கார்பின்ஸ்கி குழுவினரின் 2014 ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: கடைசி வாய்கள்தான் நினைவில் அதிகம் தங்குகின்றன, வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கு அந்தக் கடைசி வாய் சுமார்தான், அதனால் மறுபடி சாப்பிடும் ஆசையும் தள்ளிப்போகிறது. சரி, எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. உளவியலாளர் பால் ரோசினும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கடைசி வாய்க்கு அவ்வளவு மவுசு தெரியவில்லை. ஆனால் பிடித்த பண்டத்தை நிறைய வைத்ததால் நினைவில் நிற்கும் சந்தோஷம் கூடவில்லை என்று அவர்களும் கண்டார்கள். அடுத்த முறை கூடப்பிறந்தவர்களையும் கூட்டிப்போங்கள், ஒரே தட்டு சொல்லுங்கள். இரண்டாவது தட்டுக்கு யாராவது கை தூக்கினால் முறைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஞாபக மறதி வந்த என் மாமனார் பசியாறி அரை மணி நேரத்தில் "இன்னும் பசியாறலையே" என்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?
– வாசகர், செந்தூல்

பதில்: இல்லைங்க. அதே ரோசின் 1998இல் ஞாபக சக்தியை இழந்த இரண்டு பேருக்குப் பகலுணவு கொடுத்து, 10 முதல் 30 நிமிடத்தில் மறுபடி பரிமாறச் செய்தார். இருவரும் சாப்பிட்டார்கள், மூன்றாவது சாப்பாட்டிலும் பெரும்பாலும் கை வைத்தார்கள். 'போதும்' என்று சொல்ல வயிறு மட்டும் போதாது, சாப்பிட்ட ஞாபகமும் வேண்டியிருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம். தோசையை இரண்டாகப் பிரித்து, பாதியை அந்த இரண்டாவது பசியாறலுக்கு வைத்துவிடுங்கள். எடை ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.